ஆறாவது தாள்

எங்கள் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கச்சோரிக்காகத்தான் வருவார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்துப் பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெயிலில் பஸ் பிடித்து வடோதரா வரை வந்து, சேர்மனின் பேச்சை இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, ஒரு அட்டைப்பெட்டிச் சிற்றுண்டியோடு திரும்புகிறார் என்றால் அது நியாயமான பேரம்தான். ஒரு வருடம் பெட்டியில் கச்சோரியை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தோம். அந்தக் கூட்டத்தில் மட்டும் நிர்வாகத்தைப் பற்றிப் பதினோரு கேள்விகள் வந்தன. மறுவருடம் பழையபடி இரண்டு வைத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் ஹிரண்வதி கெமிக்கல்ஸ் லிமிடெட்டின் செக்ரட்டரி. பெயர் ஜயந்த் வஸாவடா. செக்ரட்டரி என்றதும் டெலிபோன் எடுக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். என் மாமனார் கல்யாணம் முடியும்வரை அப்படித்தான் நினைத்திருந்தார். டைரக்டர்கள் கூட்டத்தில் என்ன பேசப்பட வேண்டும் என்று முன்னதாக எழுதுவதும், பேசியதை நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றுவதும் என் வேலை. நாங்கள் நாகர் பிராமணர்கள். எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறையாகப் பேனாவைத் தவிர வேறு எதையும் யாரும் கையில் பிடித்ததில்லை. இருபத்தேழு வருடங்களாக இதே வேலை. உண்மையைச் சொன்னால், மிகவும் அலுத்துவிட்டது.

கம்பெனி யாருடையது என்று தஹேஜ் சாலையில் பஞ்சர் ஒட்டுகிறவனைக் கேட்டாலும் நிரஞ்சன்பாய் பரீக் சேட்டுடையது என்பான். பங்குப் பதிவேட்டைப் புரட்டினால் அவர் பெயரில் ஒரு பங்குகூட இருக்காது. நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பங்கு, பத்தொன்பது சின்னக் கம்பெனிகளிடம் இருக்கிறது. பத்தொன்பதுக்கும் ஒரே விலாசம், அல்காபுரியில் ஒரு டயர் கடைக்கு மேலே உள்ள அறை. அவற்றின் டைரக்டர்கள் சேட்டின் டிரைவரும் சமையற்காரரும் மைத்துனர் வீட்டுக் குமாஸ்தாவும். ஒரு கம்பெனி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது வேறொன்றை. கடைசியில் எல்லாம் ஒரு குடும்ப அறக்கட்டளையில் போய் முடியும். அதன் பலன் யாருக்கென்றால், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு. மீதி நாற்பத்தாறு பங்கு, எண்பதாயிரம் கச்சோரிக்காரர்களிடம் சிதறிக் கிடந்தது. இந்த அமைப்பை வரைந்தவன் நான். வருமான வரி அதிகாரி ஒருவர் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “வஸாவடா, இதுல சொந்தக்காரன்னு ஒருத்தன் எங்கய்யா இருக்கான்?” என்று கேட்டார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

அமைப்பில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. சட்டம் மற்ற எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்கும், ஆலைக்கு மட்டும் ஆளைக் கேட்கும். தஹேஜில் இருக்கும் எங்கள் ஆலைக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கம்பெனியின் டைரக்டராக இருக்க வேண்டும். ஆலையில் யாராவது செத்தால் ஜெயிலுக்குப் போகிறவர் அவர். பெரிய கம்பெனிகளில் குடும்பத்துப் பிள்ளைகளை யாரும் அந்த இடத்தில் உட்கார வைப்பதில்லை. வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்து, டைரக்டர் பட்டம் கட்டி, அந்தப் படிவத்தில் அவர் பெயரை எழுதிவிடுவார்கள். செக்ரட்டரிகள் எங்களுக்குள் இதை மாப்பிள்ளை பார்ப்பது என்று சொல்லிச் சிரிப்போம்.

முந்தைய மாப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது. நிரஞ்சன்பாய் என்னைக் கூப்பிட்டார்.

“நம்ம பசங்க பேரு வேணாம், வஸாவடா. நீங்களே ஒரு ஆளப் பாருங்க. நல்லவனா இருக்கணும்.”

“நல்லவனா?”

“நல்லவன்தான் ஓடமாட்டான்.”

நான் பிதாம்பர் மக்வாணாவைச் சொன்னேன். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஆலையில் டிரம் உருட்ட வந்து, ஆலை மேனேஜர் வரை உயர்ந்தவர். குழாயில் காதை வைத்து எந்த வால்வு சரியில்லை என்று சொல்லுவார். பொதுக்கூட்டத்தில் அவர் நியமனம் வாக்கெடுப்புக்கு வந்தது. பத்தொன்பது கம்பெனிகளுக்கும் அதிகாரம் பெற்ற பிரதிநிதி நான்தான். கம்ப்யூட்டரில் பத்தொன்பது முறை நானே ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினேன். அவர் பெரும்பான்மையோடு டைரக்டரானார்.

அந்த வாரமே காலனி முழுக்கப் பால்பேடா கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்கும் ஒரு பெட்டியோடு மனைவி ஜசோதாபென்னை அழைத்துக்கொண்டு வந்தார். “எங்க ஜாதியில லிமிடெட் கம்பெனி டைரக்டர்னு இதுவரைக்கும் ஒருத்தரும் ஆனதில்ல, சாஹேப். எல்லாம் உங்களால” என்றார். ஜசோதாபென், “வாசல்ல பேரு போட்டுப் பலகை மாட்டியிருக்காரு, பாய். பலகை வந்ததுலேர்ந்து வீட்டுக்குள்ள வரமாட்டேங்கறாரு, வெளியவே நிக்கறாரு” என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம். அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும்.

கூட்டங்களில் பிதாம்பர்பாய் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். சேட் உள்ளே வந்தால் எழுந்து நின்றுவிடுவார். மற்ற டைரக்டர்கள் மேஜையைப் பார்த்துக்கொள்வார்கள். காகிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். “படிச்சுப் பாத்துக்கங்க, பிதாம்பர்பாய்” என்றால், “நீங்க படிச்சீங்கள்ல, அது போதும்” என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன், செப்டம்பரில், ஒரே ஒரு தாளில் குஜராத்தியில் எழுதிய கடிதத்தை என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். குளோரின் போகும் பெரிய குழாய் உள்ளே அரித்து மெலிந்துவிட்டது, ஒரு வளைவு எப்போது வேண்டுமானாலும் போகும், மாற்றுவதற்கு ஆலையைப் பதினைந்து நாள் நிறுத்த வேண்டும், தீபாவளி விடுமுறை போதாது, தீபாவளிக்கு ஐந்தாம் நாள் எல்லோரும் தொழில் தொடங்கும் லாப பஞ்சமி அன்று ஆலையைத் திறக்கவே கூடாது. இவ்வளவுதான் விஷயம். எழுத்துப் பிழைகள் இருந்தன. நகல் எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கொடுத்தால் கம்பெனிக்குக் கொடுத்த மாதிரி என்று நினைத்திருந்தார்.

அதைக் கூட்டத்தின் முன் வைத்தால் புத்தகத்தில் ஏறும். ஏறினால் எல்லா டைரக்டர்களுக்கும் தெரிந்ததாகிவிடும். தெரிந்துவிட்டால் நிறுத்தியாக வேண்டும், நிறுத்தாவிட்டால் எல்லோரும் பொறுப்பு. அக்டோபர் கூட்டத்துக்கு, ஆலை வேலை காரணமாகப் பிதாம்பர்பாய் வரப்போவதில்லை. அதற்கு முன் நிரஞ்சன்பாயிடம் நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொண்டு போனேன். கடிதம் கோப்பின் மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“போர்டுக்குச் சங்கடமான விஷயம் ஏதாவது இருக்கா, வஸாவடா?”

“ஒண்ணும் இல்லே.”

“அப்போ சரி. லாப பஞ்சமி முகூர்த்தம் பத்து நாப்பதுக்கு. ஆர்டர் காத்துக்கிட்டிருக்கு.”

சேட் என்னிடம் ஒருநாளும் தப்பான காரியம் எதையும் செய்யச் சொன்னதில்லை. அவர் சொல்லித்தான் நான் செய்ய வேண்டுமென்றால் எனக்கு எதற்கு அந்த நாற்காலி?

தீபாவளி மாலையில் எங்கள் அலுவலகத்தில் சோப்டா பூஜை நடக்கும். எல்லாக் கடைகளிலும் புதுக் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பூஜை செய்வார்கள். பரீக் குடும்பத்தில் அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. நடவடிக்கைப் புத்தகத்துக்கான வெற்றுத் தாளில், ஒவ்வொரு டைரக்டரும் ஆளுக்கு ஒன்றாக, அடியில் கையெழுத்துப் போட்டு லக்ஷ்மியின் முன்னால் வைக்க வேண்டும். வரும் வருடத்தின் நல்ல முடிவுகளை அவளே எழுதிக்கொள்ளட்டும் என்று சேட்டின் அப்பா ஆரம்பித்து வைத்தது. பிறகு அந்தத் தாள்களை நர்மதையில் கரைத்துவிட வேண்டும். கரைப்பது என் பொறுப்பு. ஆறு டைரக்டர்கள், ஆறு தாள். பிதாம்பர்பாய் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்று, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அன்று மட்டும் நான் பென்சிலால் புள்ளி வைக்கவில்லை.

லாப பஞ்சமிக்கு முதல் நாள் காலை போன் செய்தார்.

“சாஹேப், என் லெட்டர் போர்டுக்குப் போச்சா?”

“போச்சு.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“பாத்தாங்க. வெளி இன்ஜினியரையும் கேட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு சொல்லிட்டார்.”

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் வயசாயிடுச்சு போல, சும்மா பயம்” என்றார். பிறகு எனக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளிப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார்.

வெளி இன்ஜினியர் என்று யாரும் இல்லை.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்குத் தேங்காய் உடைத்தார்கள். சேட் வடோதராவிலிருந்து வீடியோவில் வாழ்த்தினார். பதினோரு மணிக்கு வளைவு போயிற்று. ஏழு பேர் இறந்தார்கள். பிதாம்பர்பாய் முகமூடி இல்லாமல் இரண்டு முறை உள்ளே போய் நான்கு பேரை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை போனவரை மற்றவர்கள் தூக்கிவர வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குக் குரல் இல்லை, மூச்சுக்காற்றில்தான் பேசுகிறார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தார்கள்.

கைது செய்யக் காரணம், நடவடிக்கைப் புத்தகத்தில் இருந்த ஒரு தாள். ஆகஸ்ட் பதினொன்று தேதியிட்டது. குழாய்கள் எல்லாவற்றையும் நானே சோதித்தேன், நல்ல நிலையில் உள்ளன, தேவைப்பட்டால் யாரையும் கேட்காமல் ஆலையை நிறுத்த எனக்கு முழு அதிகாரம் உண்டு என்பதை அறிவேன் என்று நாலு வரி. அடியில் பிதாம்பர் மக்வாணாவின் கையெழுத்து. அந்த வரிகளை விபத்து நடந்த மூன்றாம் நாள் நான் அச்சடித்தேன். கையெழுத்துக்கு மேலே இடம் சரியாக இருந்தது. நல்ல வேளை, அவர் எழுத்தைச் சின்னதாக எழுதுவார்.

ஏழு பேரும் செத்த பிறகு, பதற்றத்தில், கம்பெனியைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைத்தால் எனக்கும் வசதிதான். ஆனால் தேதிகள் விஷயத்தில் நான் கறாரானவன். பரூச்சுக்குப் போய் நர்மதையில் இறங்கியது தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், பாய்பீஜ் அன்று. ஆலை திறப்பதற்கு மூன்று நாள் இருந்தது. பையில் பூஜைத் தாள்கள் ஆறும் பிதாம்பர்பாயின் கடிதமும் இருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்து விட்டேன். கரைக்க வேண்டியது ஆறு காகிதம், கரைத்ததும் ஆறுதான். அதில் ஒன்று கடிதம். பிதாம்பர்பாயின் பூஜைத் தாளை மட்டும் மடங்காமல் பையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு கரையேறினேன். குழாய் தாங்கியிருந்தால் அந்தத் தாள் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. தேவைப்படும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வரப்போவதை முன்னதாக யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. என்னிடம் அந்தக் கம்பெனியின் ஒரு பங்குகூடக் கிடையாது. சேட் குடும்பத்தில் ஒருவர் உள்ளே போயிருந்தால் வங்கிகள் கையை விரித்திருக்கும், இரண்டாயிரத்து முந்நூறு பேர் தெருவில் நின்றிருப்பார்கள். யாரோ ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். நல்லவராகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தேன்.

பிதாம்பர்பாய் போலீஸிடம், “லெட்டர் சாஹேப்கிட்ட குடுத்தேன், அவரையே கேளுங்க” என்று சொல்லியிருக்கிறார். கேட்டார்கள். கம்பெனியின் பதிவுகளில் அப்படி ஒரு கடிதம் இல்லை என்றேன்.

ஜசோதாபென் மாதம் ஒருமுறை வருகிறார். என் மனைவி போன பிறகு நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தேப்லா ரொட்டி கட்டிக்கொண்டு வருகிறார். இன்றும் வந்தார். வாசல் பலகையை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம். செத்த ஏழு பேரும் அதே காலனிக்காரர்கள்.

“அவருக்கு உங்க மேல கோவமே இல்ல, பாய். சாஹேப்புக்கு மேல எத்தன பேரு இருக்காங்களோ, நேரம் வந்தா அவரே சொல்லுவாருங்கறாரு. ராத்திரி பகல்னு இல்லாம இருமல். ஜெயில் டாக்டர் இந்த மழைக்காலம் தாண்டாதுங்கறாரு.” முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “நாளைக்கு கோர்ட்ல உங்களத்தான் விசாரிக்கறாங்களாமே. நீங்க சொன்னா விட்டுடுவாங்கள்ல?”

“கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றேன், பென்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு தேப்லா சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

நாளை பதினோரு மணிக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூண்டில் ஏற வேண்டும். அரசு வக்கீல் அந்தத் தாளைப் பிரித்து, இந்தக் கையெழுத்து பிதாம்பர் மக்வாணாவுடையதா என்று கேட்பார். அவருடையதுதான். உங்கள் கண்முன்னே போட்டாரா என்பார். என் கண்முன்னேதான் போட்டார். யாராவது வற்புறுத்தினார்களா என்பார். இல்லை, சந்தோஷமாகத்தான் போட்டார். பிதாம்பர்பாய் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார், நானும் அவரைப் பார்த்துத்தான் சொல்வேன். இத்தனை வருட உத்தியோகத்தில் பொய் சொல்லும் பழக்கம் மட்டும் எனக்கு வரவே இல்லை.