ஓடும் எஞ்சின் அருகே ஒரு பொன்னாடை

குமாரபாளையத்தில் பொன்னாடை வாங்குவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். மத்தியானத்துக்குமேல் நல்ல சரக்கு நிற்காது. நான் எடுத்த பச்சைச் சால்வை, யானையைக் கட்டி இழுத்தாலும் கிழியாது. கடைக்காரப் பெண் தமிழ்ச்செல்வியே சாட்சி. இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "போத்தறதுக்குங்களா, லாரியக் கட்டி இழுக்கறதுக்குங்களா?" என்று சிரித்தாள்.

குமரகுருவுக்குப் போர்த்தத்தான். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் மெக்கானிக்கல் துறைத் தலைவராக இருந்தபோது எனக்குக் கீழே சேர்ந்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியின் எஞ்சினைக் குளிர்விக்கப் புதுமாதிரி ஃபேன் ஒன்றை இருவரும் சேர்ந்து செய்தோம். இறக்கையை எப்படி வளைப்பது என்று கண்டுபிடித்தவன் நான். அந்தக் காற்றுக்கு நாமக்கல் மலையே ஒரு சாண் நகர்ந்திருக்கும். நான் ஓய்வுபெற்றதும் ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரும் ஓய்வுபெற்றுவிட்டது. இந்த வருஷம் எஞ்சின் ஆராய்ச்சிக்கான பொறியாளர் சங்க விருது அவருக்கு மட்டும் வந்தது.

அதற்குக்கூட நான் வருந்தவில்லை. சேலத்தில் விருது மேடையில் என்னைக் கைகாட்டிச் சொன்னார்: "நம்ம மயில்சாமி சார்தானுங்க எனக்கு டீ, போண்டா வாங்கிக் குடுத்தவரு. அவரு இல்லீன்னா வெறும் வயித்தோட ஆராய்ச்சி பண்ணியிருப்பேனுங்க."

மண்டபம் சிரித்த சிரிப்பு மேட்டூர் அணைவரை கேட்டது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகவே.

மறுவாரம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாராட்டு. பத்திரிகைக்காரர்களுக்காக எஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். தொங்கும் துணியோடு ஓடுகிற எஞ்சின் பக்கம் போகக் கூடாது என்பது, நானே வருஷாவருஷம் நடத்திய முதல் பாடம். ஆனால் பெரியவன் போர்த்துகிற பொன்னாடையை நம் பக்கத்தில் யார் உதறுவார்கள்? கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, நழுவாமலிருக்க ஒரு முடிச்சும் போட்டேன்.

"எஞ்சின் ஓடுதுங்க சார். அப்பறமாப் போட்டுக்கறேனுங்க."

"பெரியவன் போத்துனதை உடனே எடுக்காதீங்க சாமி. அப்படியே குனிஞ்சு நம்ம ஃபேனைக் காட்டுங்க, போட்டோ புடிக்கட்டும்."

குனிந்தார். சால்வையின் முனை ஃபேனில் மாட்டியது. அது கிழியவில்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள். யாரோ ஓடிப்போய் எஞ்சினை நிறுத்துவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. அந்த ஃபேனின் வேகத்தைப் பற்றி விருதுக் குழு சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

விபத்து என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அவர்மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை சார், பாராட்டத்தான் போனேன். ஃபேனை மூடியிருந்த பாதுகாப்பு வலையை அன்று காலையில் கழற்றியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். வலை இருந்தால், நான் வளைத்த இறக்கை போட்டோவில் தெரியாது.