துரை இழுத்துட்டுப் போன தெரு

இழுக்காதம்மா, இழுக்காத. நீ இந்தப் பக்கம் இழுக்க இழுக்க உன் நாய்க்குட்டி அந்தப் பக்கம் இழுப்பான். கயித்தைத் தளர்த்திப் பிடி. அவன் இழுத்தா நீ நடக்காத, அப்படியே நின்னுடு. விளக்குக் கம்பம் மாதிரி. திட்டாத, பேர் சொல்லிக் கத்தாத, ஒன்னும் பேசாத. சும்மா நில்லு... ஆங், திரும்பிப் பாக்குறான் பாரு. இப்போ குடு பிஸ்கட்டை. உடனே குடுக்கணும். இல்லேன்னா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்குத் தெரியாது.

ஐயோ, நானா? எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா. ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் எங்க வீட்டு நாய், இந்தத் துரையை நான் தொட்டதுகூடக் கிடையாது. சாப்பாட்டுத் தட்டைக்கூட கால் விரலால தள்ளி விடுவேன். இதெல்லாம் பூட்டுக்காரர் சொல்லித் தந்தது. பார்க்குக்குப் பின்னாடி தெருவுல பூட்டு ரிப்பேர் கடை வெச்சிருக்காரே, அவரு. அவருக்கு யாரு சொல்லித் தந்தாங்கன்னு கேட்டா அது ஒரு கதை. உக்காரேன், இந்த பெஞ்சுல வெயில் படாது. துரை, உக்காரு. பாத்தியா? ஒரே தடவைதான் சொன்னேன்.

ஆமா, பேரே துரைதான். நடையைப் பாத்தா தெரியல? என் பையன் வெச்ச பேரு. குட்டியாத் தூக்கிட்டு வந்தான். கொஞ்ச நாள் கொஞ்சினான், அப்புறம் வேற ஊர்ல வேலைன்னு பெட்டியைக் கட்டிட்டான். நாய் எங்க தலையில விழுந்துச்சு. எங்க தலை என்ன எங்க தலை, எங்க வீட்டுக்காரர் தலையில. அவரு அச்சகத்துல புரூஃப் பாத்தவரு. காலம் பூரா அடுத்தவங்க எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. ஆனா வீட்ல என்னை ஒரு நாள்கூட ஒரு தப்பு சொன்னதில்ல. சொல்ல இடம் வேணும்ல. நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேம்மா. இப்பவே பாரேன், நீ பேர்கூடச் சொல்லல, நான் என் குடும்பக் கதையில பாதிக்கு வந்துட்டேன்.

சிரி, சிரி. எல்லாரும் சிரிக்கிறதுதான். என் தங்கச்சி சொல்லுவா, அத்தானுக்கு ரேஷன் கார்டுல மட்டும்தான் வாய் இருக்குன்னு. அவருக்கு மூணு வார்த்தை. ம். சரி. போதும். அவ்வளவுதான். பையன் போன் பண்ணா அவரு எடுப்பாரு, ம்னு சொல்லுவாரு, அதுக்குள்ள நான் வாங்கி, அப்பா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்றாருடான்னு சொல்லிடுவேன். அவரு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாரு. சொல்லத்தான் நினைச்சாருன்னு எனக்கு ஒரு நினைப்பு. அவருக்குப் பேச வராது, அவருக்கும் சேத்து நாம பேசணும், இதுவும் ஒரு பணிவிடைதான்னு நினைச்சுக்கிட்டே இருந்துட்டேன்.

ரிட்டயர் ஆனதுக்கப்புறம் காலையில துரையைக் கூட்டிட்டுக் கிளம்பினா ரெண்டு மணி நேரம் ஆகும். இவ்வளவு நேரமான்னு கேப்பேன். நாய்க்கு நடை வேணும்பாரு. சரி, நாய் நல்லா இருந்தா சரிதான்னு விட்டுட்டேன்.

அப்புறம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. முட்டிக்குக் கீழ எலும்பு முறிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் கேக்குறாரு, எங்க வலிக்குதுன்னு. முட்டிக்குக் கீழங்க, காலை ஊனவே முடியலங்க, நல்லா வீங்கிடுச்சுங்கன்னு நான் சொன்னேன். கால் விரலை அசைக்க முடியுதான்னு கேட்டாரு. அசைக்கிறாருங்க, ஆனா வலிக்குதுங்கன்னேன். அந்த டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, ஏம்மா, கால் யாரோடதுன்னு கேட்டாரு. நர்ஸ் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுச்சு. இவரு முகத்துல, அந்த வலியிலயும், லேசா ஒரு சிரிப்பு. நான் என்ன பண்ணேன்? வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த டாக்டரைத் திட்டிக்கிட்டே வந்தேன். இப்போ நினைச்சா உடம்பு கூசுது.

மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் காலையில துரை வாசக் கதவைப் பிராண்டுறான். இவரு கட்டில்ல இருந்து எழுந்திரிக்கப் பாக்குறாரு, நொண்டிக்கிட்டே போறேங்கிறாரு. உங்களுக்கென்ன பைத்தியமா, நான் போறேன்னு கயித்தை எடுத்துட்டேன். அவரு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பார்க்கோட திரும்பிடுன்னாரு. நான் நாலு வார்த்தை பேசி முடிச்சதும், ஞாபகம் வெச்சுக்கோ, பார்க்கோட திரும்பிடுன்னு மறுபடியும் சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்துபோச்சு. பாரேன், என் மேல எவ்வளவு அக்கறைன்னு.

துரை பார்க்கோட நிக்கவா செஞ்சான்? இந்த கேட்டுல நுழைஞ்சான், அந்தப் பக்க கேட்டு வழியா என்னை இழுத்துட்டு வெளிய போயிட்டான். ஒரு செருப்பு எங்கயோ போச்சு. நான் நில்லுடா நில்லுடான்னு கத்துறேன், கத்தக் கத்த வேகமாப் போறான். ஒருத்தர் சைக்கிளை நிறுத்திட்டு, யாரு யாரை வாக்கிங் கூட்டிட்டுப் போறதுன்னு கேக்குறாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பின்னாடி தெருவுல திரும்பினான், பூட்டுக் கடை முன்னாடி போய் டக்குனு நின்னான். நின்னு, உக்காந்து, வாலைச் சுருட்டி வெச்சுக்கிட்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி காத்திருக்கான். வீட்ல ஒரு நாளும் அப்படி உக்காந்ததில்ல.

உள்ள இருந்து பூட்டுக்காரர் எட்டிப் பாத்தாரு. டேய் துரை, எங்கடா உங்க அண்ணன்னாரு. எதிர்க் கடையில தையக்காரம்மா. அவங்களும் மெஷினை நிறுத்திட்டு ஓடி வந்துட்டாங்க. கால் உடைஞ்ச விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு பேரும் பதறிட்டாங்கம்மா. தையக்காரம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அண்ணன் இல்லாம இந்தத் தெரு எப்படி விடியும்னாங்க. எந்த அண்ணன்? எங்க வீட்டுக்காரரா? வேற யாரையோ நினைச்சுப் பேசுறாங்க போலன்னு பாத்தா, பேரைச் சொல்றாங்க, அச்சகத்தைச் சொல்றாங்க, சட்டைப் பையில சிவப்பு பேனா வெச்சிருப்பாரேங்கிறாங்க. இவருதான்.

வாயைத் திறந்தா மூட மாட்டாராம்மா! அச்சகத்து மேனேஜர் எப்படி இருமுவாரு, எப்படித் திட்டுவாருன்னு நடிச்சுக் காட்டுவாராம். அதைப் பாத்துட்டு சிரிச்சதுல வாயில வெச்சிருந்த குண்டூசியை முழுங்கப் பாத்தேன்னு தையக்காரம்மா சொல்றாங்க. அதுல இருந்து, இவரு வந்தா முதல்ல ஊசியை எடுத்து டப்பாவுல போட்டுடுவாங்களாம். மெஷின் ஓடுற சத்தத்துக்குத் தாளம் தட்டிப் பாடுவாராம். பாட்டாம்! எங்க கல்யாணத்துக்கப்புறம் அவரு முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்ல.

துரையைப் பழக்கினதும் அங்கதான். முதல்ல ரொம்ப அட்டகாசமாம். தைக்கக் கொண்டுவந்த துணியைக் கவ்விட்டு ஓடிடுவானாம், வர்றவங்க மேல எல்லாம் தாவுவானாம். இவரு ஒரு நாளும் கை ஓங்கினதில்லையாம். ஒரு தடவை சொல்லுவாராம், சொல்லிட்டுக் காத்திருப்பாராம். அவன் யோசிச்சு, சுத்திப் பாத்து, மெதுவா உக்காருற வரைக்கும் காத்திருப்பாராம். சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா அது வார்த்தை இல்ல, வெறும் சத்தம், அதுக்குப் பதில் வராதுன்னு பூட்டுக்காரருக்கு இவரு பாடம் எடுத்திருக்காரு. பூட்டுக்காரர் எனக்கு எடுத்தாரு. நாயைப் பத்தித்தாம்மா சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னு போய்த் தைச்சுது.

என்ன சொன்னேனா? ஒன்னும் சொல்லல. அதான் அதிசயம். அங்க போனா எனக்குப் பேச்சே வரல. தினமும் போக ஆரம்பிச்சுட்டேன். காலையில வேலையை அள்ளிப் போட்டுட்டு, துரைக்கு முன்னாடி நான் வாசல்ல நிப்பேன். பூட்டுக்காரர் ஒரு ஸ்டூல் போடுவாரு. ஓரமா உக்காந்து, எங்க வீட்டுக்காரரைப் பத்தி அவங்க சொல்றதைக் கேப்பேன். சின்ன வயசுல ஆத்துல மூழ்கப் பாத்தது, முதல் சம்பளத்துல அக்காவுக்கு வாட்ச் வாங்கிக் குடுத்தது, பையன் ஊருக்குப் போன அன்னிக்கு இங்க வந்து கடை ஷட்டருக்குப் பின்னாடி நின்னு அழுதது... அழுதிருக்காரும்மா. அன்னிக்கு நான் வீட்ல பெருசா அழுது ஊரைக் கூட்டினேன். அவருக்கு அழ இடம் இல்லாம இங்க வந்திருக்காரு.

வீட்டுக்குப் போனா, பார்க்கோடதானே போனன்னு கேப்பாரு. ஆமாம்பேன். அவரு என் காலைப் பாப்பாரு, நான் சுவரைப் பாப்பேன்.

கேட்டியா, ஒரு நாள் வைராக்கியமா இருந்தேன். இன்னிக்கு நான் பேச மாட்டேன், அவரு பேசட்டும்னு. சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உக்காந்துட்டேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். கடிகாரச் சத்தம் கேக்குது. எங்க வீட்ல கடிகாரத்துக்குச் சத்தம் உண்டுன்னே அன்னிக்குத்தான் தெரியும். அவரு ரெண்டு மூணு தடவை என்னைப் பாத்தாரு. உனக்கு உடம்புக்கு முடியலையான்னாரு. இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டினேன். தட்டைப் பாத்தாரு. தண்ணி குடிச்சாரு. அப்புறம் நிமிர்ந்து வாயைத் திறந்தாரும்மா. என்னமோ சொல்ல வந்தாரு. சத்தியமா சொல்ல வந்தாரு. அந்த ஒரு நொடி என்னால தாங்க முடியல. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கன்னு கரண்டியை எடுத்துட்டேன். அவரு போதும்னுட்டாரு.

ஒரு நாய்க்குக் காத்திருக்கக் கத்துக்கிட்டேன். கட்டினவருக்கு முடியல. அசிங்கமா இருக்குது. யார்கிட்ட போய்ச் சொல்ல? தங்கச்சிகிட்ட சொன்னா ஊர் பூரா சொல்லிடுவா, அவ என்னை மாதிரிதானே. நீ யாரோ எவரோ, இந்தப் பக்கம் புதுசு. அதான் உன்கிட்ட கொட்டுறேன்.

இல்லம்மா, இனிமே நான் வரமாட்டேன். நாளைக்கு மறுநாள் கட்டுப் பிரிக்கிறாங்க. கொஞ்ச நாள்ல கோல் ஊனிக்கிட்டு அவரே வந்துடுவாரு. வரட்டும். அது அவரோட தெரு. இன்னிக்கு அங்க போய் சொல்லிட்டுத்தான் வரேன். இனிமே வரமாட்டேன், நான் இங்க வந்து உக்காந்தேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம், பார்க்கோட திரும்பச் சொல்லியிருந்தாரு, தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் சரின்னாங்க. நல்ல மனுஷங்க. தையக்காரம்மா ஒரு ரவிக்கைத் துணிகூடக் குடுத்தாங்க, வேண்டாம்னா கேக்கல.

அதுவா? பொண்டாட்டி வந்து உக்காந்ததுக்கு என்ன ரகசியம்னுதானே கேக்குற. கேக்கத்தான் செய்வ. முதல் நாளே பூட்டுக்காரர் கேட்டாரு, நீங்க யாரும்மான்னு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள தையக்காரம்மா சொல்லிட்டாங்க. அண்ணனுக்குத்தான் சம்சாரம் தவறிப்போய் வருஷமாச்சே, ஒண்டி ஆளாச்சே, கால் உடைஞ்சதும் சமையலுக்கு ஆள் வெச்சிருப்பாருன்னு. நான் ஆமாங்க, சமையலுக்குத்தான்னுட்டேன்.

ச்சே, நீ எதுக்கும்மா கண்ணைத் தொடைக்கிற. அவரு கெட்டதாச் சொல்லல. ரொம்ப உசத்தியாத்தான் சொல்லி வெச்சிருக்காரு. அந்தம்மா ரொம்ப அமைதியாம். ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாங்களாம். சாயங்காலம் ரெண்டு பேரும் ஜன்னலோரம் உக்காந்தா, இவரு பேசிக்கிட்டே இருப்பாராம், அவங்க சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பாங்களாம். பாவம் புண்ணியவதி, இவரோட இருக்கக் குடுத்து வைக்கலையேன்னு இன்னிக்குக்கூட தையக்காரம்மா சொல்லி வருத்தப்பட்டாங்க. நானும் ஆமாங்கன்னு தலையை ஆட்டிட்டு வந்தேன்.