போனை எடுக்கிறவர்

சபைக் குடும்பப் புத்தகம் போடுவது நீங்கள் நினைக்கிற மாதிரி சின்ன வேலை இல்லை, மேடம். இருநூற்றுப் பதினாலு குடும்பம். வீட்டு விலாசம், பிறந்தநாள், கல்யாண நாள், போன் நம்பர். ஒன்பது வருஷமாக நான்தான் போடுகிறேன், காசு வாங்காமல். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு நம்பரையும் நானே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடுவேன். சாலமன் போட்ட புத்தகத்தில் தப்பான நம்பர் இருக்காது என்று எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவனுக்குப் போய்த் தப்பான போன் வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரியில் புது சிம் வாங்கினேன். அதற்கு முன் அந்த நம்பரை வைத்திருந்தவன் அரிகிருஷ்ணன் என்று ஒருவன். ஏதோ ஓர் ஆப்பில் கடன் வாங்கிவிட்டு நம்பரைத் தலைமுழுகிவிட்டான். வசூல்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை, ஐம்பது முறை. நான் அவன் இல்லை, அவன் யாரென்றே தெரியாது என்று பொறுமையாகச் சொன்னேன். ஆதாரைக்கூட அனுப்பினேன். நான்காவது நாள் ஒருவன் கேட்டான்: "உனக்கு அவனத் தெரியாதா? சரி, உன் பொண்ணத் தெரியுமா?"

என் வாட்ஸ்அப் படத்தில் என் மகள் ஏஞ்சல் பக்கத்தில் நிற்பாள். அந்த முகத்தை வெட்டி வேறோர் உடம்பில் ஒட்டி எனக்கே அனுப்பியிருந்தான். அதை நான் விவரிக்கப் போவதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்கு நிச்சயம். போலீசுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனால் அந்தப் படத்தை நாலு பேர் பார்ப்பார்கள். சிம்மை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். அந்த நம்பர் புத்தகத்தில் அச்சாகிவிட்டது, நிச்சய அழைப்பிதழிலும் ஏறிவிட்டது. அந்த அவஸ்தை, மேடம், பெண்ணைப் பெற்றவனுக்குத்தான் தெரியும்.

அவர்களோடு பேசிப் பேசி ஒன்று புரிந்தது. அவர்களுக்கு வேண்டியது அரிகிருஷ்ணன் இல்லை. போனை எடுக்கிற ஓர் ஆள், எடுத்துவிட்டுப் பயப்படுகிற ஓர் ஆள். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரைத் தொட்டுக் கொடுத்திருக்கலாம். அது அநியாயம். நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடுகளை விட்டேன். நெஞ்சுவலிக்காரர்களை விட்டேன். கைக்குழந்தை இருக்கிற வீடு, ஆயர் வீடு, வக்கீல் இருக்கிற இரண்டு வீடு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே வந்ததில் புஷ்பம் அக்கா நின்றார்.

பம்மலில் தையல் மிஷின் போட்டிருந்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் பென்னி, குவைத்தில். அவரிடம் இருந்தது பட்டன் போன். வெட்டி ஒட்டப் படமே கிடையாது. கெட்ட வார்த்தை கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பம்மல் குழாயடியில் கேட்காத வார்த்தையா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த போன் வந்ததும் சொன்னேன்: "அரிகிருஷ்ணனோட அத்தை நம்பர் தரேன். பணம் அவங்ககிட்டதான் இருக்கு. எழுதிக்குங்க."

எனக்கு வந்த போன்கள் நின்றன. அன்று வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, ஆராதனை முடிந்து புஷ்பம் அக்கா என்னைத் தேடி வந்தார். நம்பர் சம்பந்தமாக எதுவானாலும் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அவருக்குக் கண் உள்ளே போயிருந்தது.

"இன்னா சார் இது, நாள் பூரா போன் பண்ணிகினே கீறானுங்க. உன் அண்ணன் புள்ள எங்கன்றான். எனக்குக் கூடப் பொறந்தவனே கெடையாது, அண்ணன் புள்ளைக்கு நான் எங்க போவேன்? அசிங்க அசிங்கமா பேசுறான். ஒரே பேஜாரா கீது. இந்த சிம்மத் தூக்கிப் போட்டுட்டா இன்னா சார்?"

போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தை எடுக்கவில்லையென்றால் திரும்ப உன்னிடம்தான் வருவேன் என்று அந்த வசூல்காரன் முதலிலேயே சொல்லியிருந்தான். நிச்சயத்துக்கு முழுசாக இரண்டு வாரம்கூட இல்லை.

"போட்டுட்டா பென்னி எப்படிக்கா உங்ககிட்ட பேசுவான்?" என்றேன்.

"அதச் சொல்லு சார். அவன் கூப்ட்டா ஒவ்வொரு வாட்டியும் வேற வேற நம்பர்ல வருது. எதையும் வுட முடில."

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. புத்தகத்துக்கு நம்பர் வாங்கும்போதே சொல்லியிருந்தார், எந்த நம்பர் வந்தாலும் எடுத்துவிடுவேன் என்று. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

போகிறபோது, ஏஞ்சலின் நிச்சய ஜாக்கெட்டைத் தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். கூலி வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

நீங்கள் கேட்டது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி. அவர் போனுக்குக் கடைசியாக வந்தது என் அழைப்புதான். காலை பத்து ஏழு, நாற்பது விநாடி. சரியாகத்தான் குறித்திருக்கிறீர்கள்.

அன்று ஒன்பதரைக்கு அந்த வசூல்காரன் என்னைக் கூப்பிட்டான். அத்தை எடுக்க மாட்டேன் என்கிறாள், பதினோரு மணிக்குள் பேசாவிட்டால் படம் ஊருக்குப் போகும் என்றான். நான் புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டேன். ஐந்தாவது முறை எடுத்தார்.

"அக்கா, பென்னி உங்களுக்குப் பண்ணிக்கிட்டே இருக்கானாம். ஏன் எடுக்க மாட்டேங்குறீங்க? எந்த நம்பர் வந்தாலும் எடுங்க" என்றேன்.

பென்னி எனக்குப் பேசவில்லை. அவன் நம்பரே என்னிடம் இல்லை.

"பென்னியா? இன்னாச்சு சார் அவனுக்கு?" என்றார்.

தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க அஸ்தினாபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். முட்டிவலிக்குப் பயந்து குரோம்பேட்டை ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏற மாட்டார், ரயில் லைனைத்தான் தாண்டுவார். அதுவும் எனக்குத் தெரியும். ரயிலின் ஹாரன் போனில் தெளிவாகவே கேட்டது. போனை வைத்திருக்கலாம். ஆனால் வைத்துவிட்டால் மறுபடி எடுப்பாரோ மாட்டாரோ. "நில்லுங்கக்கா, நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டுப் போங்க" என்றேன்.

நின்றார்.

அவர் கையிலிருந்த பை தள்ளிப்போய் விழுந்திருக்கிறது. உள்ளே சீட்டில் என் விலாசம் இருந்ததால் ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஜாக்கெட் ஏஞ்சலுக்குக் கச்சிதமாக இருந்தது. நிச்சயமும் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த பதிப்புக்கு இப்போதே திருத்தம் எழுதி வைத்துவிட்டேன், மேடம். புஷ்பம் அக்கா பெயரை எடுத்தாகிவிட்டது. யாரும் எடுக்காத நம்பரைப் புத்தகத்தில் வைத்திருப்பது தப்பு.