பெடலில் இருந்த கால்

எங்கள் பிள்ளைகள் நல்ல வளர்ப்பு. ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கட்டிலில் சலம், அதாவது சிறுநீர், போகச் சொன்னால் போகமாட்டார்கள். மூன்று வயதுக்குள் தாய்மார் அப்படிப் பழக்கிவிடுகிறார்கள். என் தொழிலுக்கு அதுதான் பெரிய தலையிடி.

விசாரிக்க வந்த உங்களுக்கு ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. நான் எக்ஸ்றே எடுக்கிற பிலிப்பு. சலத்தில் அடிக்கடி கிருமி வந்து காய்ச்சல் காயும் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புவார்கள். மெல்லிய குழாயால், படத்தில் தெரியும் மருந்தை விட்டுச் சலப்பையை நிரப்புவோம். பிள்ளை சலம் போகும்போது அது சிறுநீரகத்துக்குத் திரும்பி ஏறுகிறதா என்று திரையில் பார்க்க வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கிறது. மிதித்தால் கதிர் பாயும், படம் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். தேவையான நேரம் மட்டும் மிதிக்கும்படிதான் எனக்குப் படிப்பித்தார்கள்.

அப்படித்தான் செய்துவந்தேன். ஒருநாள், கொடிகாமத்துப் பிள்ளை ஒன்று நான் காலை எடுத்த நேரம் பார்த்துச் சலம் போய்விட்டது. படம் இல்லை. தகப்பனுக்கு முன்னால் வைத்து டொக்டர் கேட்டார்: "உமக்கு உதுகூடச் செய்யத் தெரியாதோ?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடமாக ஒரு படமும் தவறவில்லை. காலை எடுக்காமல் நின்றால் எதுவும் தவறாது.

கதிர் ஐந்து நிமிடம் பாய்ந்ததும் இயந்திரம் எச்சரித்துக் கத்தும். பிள்ளைகள் பயந்து இன்னும் அடக்கிக்கொள்வார்கள். அதனால் அந்த வயரைக் கழற்றிவிட்டேன். தாய்மாருக்கு ஈய அங்கியை நானே கட்டிவிடுவேன். கதிர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் அல்லவா.

தனுசியா என்ற நான்கு வயதுப் பிள்ளைதான் ஆக நீண்ட நேரம் எடுத்தது. தாய் தலைமாட்டில் நின்று கெஞ்சினாள்.

"போ குஞ்சு, அம்மா ஏசமாட்டன்."

பிறகு என்னிடம், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: "இவள் படுக்கையிலை ஒருநாளும் போகமாட்டாள், ஐயா."

எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிவகௌரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிலிப்பு அண்ணை, பதினொரு நிமிசம். காலை எடுங்கோ."

"இப்ப போயிடும், பொறு பிள்ளை."

பதினான்காவது நிமிடத்தில் பிள்ளை சலம் போனது. அருமையான படம். உங்களுக்கு எழுதிப் போட்டவள் சிவகௌரிதான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். இன்றைக்கு ஒன்றுமில்லை. ஒரு சிறு காயம்கூட இல்லை. இருபது முப்பது வருடம் கழித்து யாருக்காவது வயிற்றில் ஒரு கட்டி வந்தால், அது என் காலால் வந்தது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருந்தது.

தனுசியாவுக்கு இரண்டு கிழமை முந்தி வேறொரு பிள்ளைக்கு எடுத்த படத்தைக் காட்டி, இதற்கு மட்டும் எப்படி நான்கு செக்கன் கதிர் போதுமாக இருந்தது என்றும் கேட்டீர்கள். அது ஜெசிதா, என் மகளின் பிள்ளை. அவளுக்கு நான் பெடலில் காலை வைக்காமல், திரையைப் பார்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சலம் வரத் தொடங்கிய பிறகுதான் மிதித்தேன். படம் தெளிவாகவே வந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்கிறீர்கள். அப்படிக் காத்து நின்றால் படம் தவறக்கூடும், ஐயா. ஜெசிதாவுக்குத் தவறினால் பரவாயில்லை என்று நினைத்தேன்.