கொழும்பு மிளகும் கொழும்பு மாப்பிள்ளையும்

கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் மிளகுத் தரகர் பாயும் மளிகைக்கடை அண்ணாச்சியும். என் காது என்னைக் கேட்காமலே அவர்களிடம் போய்விட்டது.

"வரியில்லாம இலங்கை மிளகு வரக்கூடாதுன்னு கொடி பிடிச்சவன் நான். என் மோளு கொழும்பு மிளகு வியாபாரி மகனைத்தான் கட்டுவேங்கறா, அண்ணாச்சி!"

"வியட்நாம் மிளகு கொழும்புல சாக்கு மாத்திட்டு இலங்கை மிளகுன்னு வருமே. பையன் அசல் கொழும்பா, பாய்?"

"அவன் வாப்பாவோட வாப்பா காயல்பட்டணமாம்."

"அப்ப நம்ம சரக்குதான் திரும்பி வருது!"

"எங்க வருது? இவ அங்க போறா!"

"அது ஏற்றுமதி பாய். அதுக்குச் சலுகை கேட்டுத்தானே நீங்க டெல்லி வரைக்கும் போனீங்க?"

பாய் சிரித்துவிட்டார்.

"சரி, பொண்ணு பார்க்க வரச் சொல்றேன். ஆனா கல்யாண பிரியாணியில வயநாட்டு மிளகுதான் விழணும்!"