‘ம்’ என்றால் கேட்கிறேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, இந்த வாடகைக் கூடத்தைத் தன் வீட்டு முன்னறைபோலத் துடைத்து வைத்திருக்கும் செயலாளர் அம்மா அவர்களே, வேலை உடுப்பை மாற்றாமல் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, மடியில் பிள்ளை உறங்க, மனத்தை மட்டும் மேடைக்கு அனுப்பியிருக்கும் தாய்மார்களே, சீக்கிரம் நழுவ வசதியாகக் கதவோரம் நிற்கும் தம்பிமார்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

‘ஓரெழுத்தின் ஒப்பற்ற பெருமை’ என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். ‘தீ’ என்று தொடங்குவேன், ‘பூ’ என்று பொழிவேன், ‘வா’ என்று வாழ்த்தி முடிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது அவற்றினும் சிறியது. வாயைத் திறக்காமலே சொல்லக்கூடியது. ‘ம்’.

பெரிய சொற்கள் எல்லை தாண்டும்போது அகராதி துணைக்குப் போகும். சின்னஞ்சிறு சொல்லுக்கு யார் துணை? கிரேக்கர் ‘நே’ என்றால் ஆமாம். சற்று வடக்கே போனால் பல்கேரியர் ‘நே’ என்றால் இல்லை. ஜப்பானியர் ‘ஹாய்’ என்று தலையசைத்தால் சம்மதித்துவிட்டார் என்று துள்ளக் கூடாது. பல நேரம் ‘காதில் விழுகிறது’ என்பதோடு சரி.

நம் ‘ம்’ என்ன செய்கிறது? பல மொழிகள் இரண்டு பேரைச் சேர்க்க, நடுவே ‘அண்ட்’ போல ஒரு சொல்லை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நாமோ ‘நீயும் நானும்’ என்று ஆளுக்கொரு ‘உம்’ கொடுத்து அணைத்துக்கொள்கிறோம். ‘ம், கிளம்பு’ என்றால் கட்டளை. ‘ம்ம்ம்...’ என்று இழுத்தால் சந்தேகம். ஒருவர் பேசப் பேச எதிரே இருப்பவர் ‘ம்’ கொட்டினால், ‘சொல், நான் இருக்கிறேன்’ என்று பொருள். ‘ம்’ கொட்டாதவரிடம் நாம் பேசியதுண்டா? ‘என்ன, சுவத்துக்கிட்டயா பேசுறேன்?’ என்று எழுந்துவிட மாட்டோமா?

முன்வரிசைப் பெரியம்மா, நீங்கள் இப்போதுகூடக் கொட்டுகிறீர்கள். வெட்கப்படாதீர்கள் அம்மா, அதை நம்பித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இனி என் அக்காவைப் பற்றி. மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில், இஸ்திரி உருளைக்கு முன்னால் நிற்பவள். நின்றவள். ஈர விரிப்பின் இரு முனைகளையும் இருவர் பிடித்து, சுருக்கம் விழாமல் உருளைக்குள் ஊட்ட வேண்டும். அக்காவுக்கு எதிர்முனையில் நின்றவள் ‘சுருட்டை’. அவள் தலைமுடி சூட்டிய பெயர். ஒரு நாள் வேலைக்குப் போனபோது, விரல்கள் உள்ளே போகாமல் காக்கும் தடுப்பை யாரோ கழற்றியிருந்தார்கள். அக்கா மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். ‘மாட்டிடுவாங்க, நீங்க ஓட்டுங்க’ என்றார். மாட்டவில்லை. சுருட்டையின் வலது கை உருளைக்குள் போய்விட்டது.

விசாரணை நடந்தது. ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குடுவை, ஓர் ஒலிப்பதிவுக் கருவி. ‘மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா?’ என்றார்கள். ‘வேண்டாம், எனக்குப் புரியும்’ என்றாள் அக்கா. பெருமையாகச் சொன்னாள். இந்த நாட்டு மொழியைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்துப் படித்தவள் அல்லவா?

அதிகாரி வாசித்தார். ‘தடுப்பைக் கழற்றியது நீங்கள்.’ அக்கா ‘ம்’ என்றாள். ‘ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும்.’ ‘ம்.’ ‘யாரிடமும் சொல்லவில்லை.’ ‘ம்.’

ஏன் மறுக்கவில்லை என்கிறீர்களா? ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாதே, முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல் என்று வளர்த்தோமே! அவள் கேட்டாள். கடைசிவரை கேட்டாள். அவர் காகிதத்தை மூடியதும் நாற்காலியில் நிமிர்ந்து, ‘இப்ப நான் சொல்லலாமா?’ என்றாள்.

‘நீங்கதான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்களே’ என்றார் அவர்.

வேலை போனது. அது போகட்டும். அக்கா பார்க்கப் போனபோது கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த சுருட்டை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ‘நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே அக்கா. இனிமே வராதீங்க.’ இதைத் தாங்க எந்த மொழியில் சொல் இருக்கிறது?

இப்போது எங்கள் வீட்டில் ‘ம்’ இல்லை. வாடகை வண்டி ஓட்டும் அத்தான், வீட்டுக்கு வந்ததும் வண்டியில் நடந்த வம்பையெல்லாம் அவிழ்ப்பார். அக்கா அவர் முகத்தையே பார்த்தபடி, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருப்பாள்.

‘ஏய், கேக்குறியா இல்லையா?’

‘கேக்குறேன்.’

‘அப்ப ஒரு ம் கொட்டேன்டி!’

‘மாட்டேன்.’

அத்தான் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். மூன்று பேர் சாப்பிடும் மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

மேல்முறையீடு செய்தோம். மேல்விசாரணைக் குழுவினர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். உங்கள் மொழிக்காரர் ஒருவர் வந்து, ‘நாங்கள் இப்படித்தான் கேட்போம்’ என்று சொல்லட்டும். ஆனால் உறவினர் சொன்னால் செல்லாது. ஒருவர், ஒரே ஒருவர். நம் ஆட்கள் அந்த ஆலையில் எத்தனை பேர்! இந்தக் கூடத்திலேயே எத்தனை பேர்! கதவு கதவாகப் போனேன். ‘அன்னைக்குப் பாத்து எனக்கு ஷிப்டும்மா.’ ‘நாளைக்கு நான் அங்கதான வேலை பாக்கணும், கண்ணு?’ ஓர் அண்ணன் தொலைபேசியில் சீறினார்: ‘உங்க அக்கா எதுக்கு ம் கொட்டுனா? யாராவது அப்படிச் செய்வாங்களா?’ நான் நடந்ததை முதலிலிருந்து விளக்கினேன். விளக்கி முடிக்கும்வரை அந்த அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ‘ம்... ம்... ம்...’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன், அழுகை வரும்வரை.

பெரியோர்களே! மொழி வாழ்க என்று முழங்க இங்கே எத்தனை தொண்டைகள்! அந்த மொழியில் காது கொடுத்த ஒருத்திக்காக முணுமுணுக்க ஒரு தொண்டை இல்லையா? மொழிக்கு மாலை போட முந்துகிற கைகளே, மொழிக்குச் சாட்சி சொல்ல ஏன் பின்வாங்குகிறீர்கள்? ஒரு சொல்லின் பொருள் ஏட்டிலா இருக்கிறது? ‘ஆம், எங்கள் வீட்டில் இதற்கு இதுதான் பொருள்’ என்று எழுந்து சொல்ல ஒருவர் இருக்கும்வரை இருக்கிறது. எழ யாருமில்லை என்றால், அந்தச் சொல்லுக்கு மற்றவர் வைத்ததே பொருள். அந்தச் சொல்லைச் சொன்னவளுக்கும் மற்றவர் வைத்ததே பெயர்.

நாளை காலை விசாரணை. கேட்டுவிடுகிறேன். யார் வருகிறீர்கள்?

அதோ, நடுவரிசையில் ஓர் அண்ணன் எழுகிறார். வாருங்கள் அண்ணா... ஓ, கைபேசியா? பரவாயில்லை, வெளியே போய்ப் பேசுங்கள்.

வேறு யாரும்?

சரி. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கும் விளங்குகிறது. உங்களைத் திட்ட வரவில்லை. உங்கள் வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லை. நாளை அக்காவுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போடுவார்கள். ஒன்றில் நான் உட்காரலாம், பேசக் கூடாது. மற்றொன்று சாட்சிக்கு. ஆள் வராவிட்டாலும் விசாரணை முடியும்வரை அதை எடுக்க மாட்டார்களாம். அது அவர்கள் வழக்கம். அக்கா அதைப் பார்க்காதபடி, நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பேச இடம் தந்த சங்கத்துக்கும், இவ்வளவு நேரம் பொறுமையோடு இருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.