டாக்டரம்மா விரிப்பு மாட்டிய நாள்

— அதை விடுங்க டாக்டர். தலைமாட்டுல மாட்டவேண்டிய விரிப்பைக் கால்மாட்டுல சொருகிட்டு இருக்கீங்க.

— அதாவது சிஸ்டர், எந்தப் பக்கம் மாட்டினாலும் நோயாளி அதுமேல உட்காரத்தானே போறாரு.

— உட்கார்ந்தா வழுக்கிட்டுக் கீழ வருவாரு. காலைல ஒருத்தர் வந்தாரே, பாத்தீங்கள்ல?

— வந்தது நான்தான் டாக்டரம்மா. ஆயுசு பூரா துணி தைச்சவன் சொல்றேன், நீங்க மாட்டினது விரிப்பு இல்ல. சறுக்கு மரம்.

— டெய்லர் ஐயா, கையை ஆட்டாதீங்க. மருந்து ஏறிட்டு இருக்கு.

— வாய்தானே சிஸ்டர் ஆடுது.

— ஃபோன் அடிக்குது. இருங்க, நான் எடுக்கறேன்.

— வேண்டாம் டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். காலைலேருந்து மூணே பேர்கிட்ட பேசியிருக்கீங்க. தூக்கம் வருதா, பசி எடுக்குதா, பேரன் என்ன படிக்கிறான்னு. மத்தவங்க லைன் கிடைக்காம நேர்லயே கிளம்பி வந்துட்டாங்க.

— பாவம், பயத்துல பேசறாங்க. பாதியில எப்படி வைக்கறது?

— என்ன சொல்றது உங்ககிட்ட. மேல மீட்டிங் இருக்குமே, போகலையா?

— இன்னைக்கு எனக்கு மீட்டிங் இல்ல.

— அப்ப ஒரு ஓரமா உட்காருங்க. மருந்து ஏத்தற சாய்வு நாற்காலி இருக்கறது பன்னிரண்டு. ஆறு நர்சு இருந்த இடத்துல இப்ப நானும் அந்தப் புது நர்சுப் பொண்ணும். ஒத்தாசைன்னு நீங்க ஒரு வேலை செஞ்சா, அதைச் சரிபண்ண எனக்கு ரெண்டு வேலை.

— அதாவது, புற்றுநோய் வார்டுக்கே தலைமை டாக்டர் இறங்கி வேலை செஞ்சா மத்தவங்களுக்குத் தெம்பா இருக்குமேன்னு...

— தெம்பு வந்துச்சு. சிரிச்சு சிரிச்சு வந்துச்சு. ஒண்ணு கேக்கணும் டாக்டர். டெய்லர் ஐயா, நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க.

— மூடிட்டேன் சிஸ்டர். காதுக்குத்தான் இமை வைக்காம விட்டுட்டான்.

— நேத்து சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரியுமா? ஆறாம் நாற்காலி அம்மாவோட மருந்துப் பையை ஏழாம் நாற்காலிக்கு மாட்டிட்டேன். குழாயைத் திறக்கப் போறப்பதான் பேரைப் பாத்தேன். என் சர்வீஸ்லயே அப்படி ஒண்ணு நடந்ததில்ல.

— தெரியும். புதுப் பொண்ணு சொல்லி அழுதா.

— தெரிஞ்சும் இங்க வந்து விரிப்பு மாட்டிட்டு இருக்கீங்களே, அதான் எனக்குப் பொறுக்கல. இதை நீங்க செய்யணும்னு யாரு கேட்டா? நேரா நிர்வாகியோட ரூமுக்குப் போய், ஆள் வர்ற வரைக்கும் இத்தனை நாற்காலிதான் ஓடும்னு மேசையைத் தட்டிச் சொல்ல உங்க ஒருத்தராலதான் முடியும். அங்க போகப் பயந்துக்கிட்டு எங்களுக்கு நடுவுல ஒளிஞ்சுட்டு இருக்கீங்க. ரொம்ப அதிகமாப் பேசிட்டேனா?

— இல்ல சிஸ்டர். அளவெடுத்துத்தான் வெட்டினீங்க.

— உங்களைக் கேக்கல ஐயா. தூங்குங்க.

— அதாவது சிஸ்டர், காலைல வந்ததும் முதல்ல அவர் ரூமுக்குத்தான் போனேன்.

— போனீங்களா?

— மேசையைத் தட்டல. அது மேல கண்ணாடி பதிச்சிருக்காரு, உடைஞ்சுடுமோன்னு விட்டுட்டேன். நாலு நாற்காலியை மூடணும்னேன். வருமானம் போயிடும்னாரு. நேத்து நடந்ததைச் சொன்னேன். அப்படின்னா அந்த நர்சு மேல நடவடிக்கை எடுக்கறேன்னாரு.

— ஐயோ. என் மேலயா?

— கடைசி நொடியில தடுத்தவங்க மேல என்ன நடவடிக்கை, அவங்களை அந்த நிலைமைக்கு விட்டது நான், என் மேல எடுங்கன்னேன்.

— என்ன டாக்டர் நீங்க. அதுக்கு என்ன சொன்னாரு?

— யோசிச்சாரு. அப்புறம் சரின்னுட்டாரு. நாளையிலேருந்து நாலு நாற்காலியை மூடறாங்க.

— நிஜமாவா? இவ்வளவு பெரிய விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா இந்த விரிப்போட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க? டெய்லர் ஐயா, கேட்டீங்களா, நாலு நாற்காலி குறைச்சிட்டாங்களாம்.

— அதாவது அஞ்சு, சிஸ்டர். அஞ்சாவது, தலைமை டாக்டர்னு நான் உட்கார்ந்திருந்தது.